வக்காலத்தில் கையெழுத்திடும் முன்: வணிக வழக்கில் கட்சிக்காரர் எதிர்பார்க்க வேண்டியவை

சரக்கு போய்ச் சேர்ந்துவிட்டது, பணம் வரவில்லை. ஒப்பந்த வேலை பாதியில் நிற்கிறது. கூட்டாளி கணக்குக் காட்ட மறுக்கிறார். தொழில் செய்பவர்கள் வக்கீல் அலுவலகத்தின் படியேறுவது பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுக்காகத்தான். ஏறும்போது எல்லோர் மனத்திலும் இருக்கும் கேள்வி, கேஸ் ஜெயிக்குமா என்பது. அதற்கு உறுதியான பதில் சொல்ல எந்த வக்கீலாலும் முடியாது. சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருப்பது நல்லது. ஆனால் வழக்கு எந்த நீதிமன்றத்துக்குப் போகும், எவ்வளவு செலவாகும், எந்தத் தேதிக்குள் என்ன செய்தாக வேண்டும், எங்கே நமக்குப் பலவீனம் என்ற கேள்விகளுக்கெல்லாம் பதில் உண்டு. அந்தப் பதில்களைக் கேட்டுப் பெறுவது கட்சிக்காரரின் உரிமை.

இந்தியாவில் இந்த உரிமைக்கு முன்னைவிட இப்போது எடை கூடியிருக்கிறது. 2015-ல் வந்த வணிக நீதிமன்றங்கள் சட்டம் முதலில் 1 கோடி ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள வணிகத் தகராறுகளுக்கே பொருந்தியது. 2018-ல் அந்த வரம்பு 3 லட்சமாகக் குறைக்கப்பட்டது. அதனால் பெரிய கம்பெனிகளுக்கென்று வந்த கறாரான நடைமுறை, இன்று ஈரோட்டு மஞ்சள் மண்டிக்காரருக்கும் சிவகாசி அச்சகத்துக்கும் திருப்பூர் பின்னலாடைப் பட்டறைக்கும் பொருந்துகிறது. முன்பெல்லாம் வழக்கைத் தாக்கல் செய்துவிட்டு ஆவணங்களை ஆற அமரத் தேடலாம். இப்போது அது நடக்காது. வணிக வழக்கின் போக்கில் பெரும்பகுதி, தாக்கலுக்கு முந்தைய வாரங்களிலும் அதற்குப் பிந்தைய நான்கு மாதங்களிலும் முடிவாகிவிடுகிறது. கட்சிக்காரர் வக்கீலிடம் எதிர்பார்க்க வேண்டியதையும் இந்தக் காலக் கணக்கை வைத்தே அளக்க வேண்டும்.

வக்கீலைத் தேடுவது

மருத்துவமனைகளும் கல்லூரிகளும் விளம்பரம் செய்வதுபோல் வக்கீல்கள் செய்ய முடியாது. இந்திய பார் கவுன்சில் விதிகளின் 36-ஆவது விதி அதைத் தடுக்கிறது. 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், வழக்கறிஞர்களுக்கு மதிப்பெண் போட்டு இணையத்தில் சேவை விற்கும் தளங்களைக் கண்டித்து, அவற்றின் மீது நடவடிக்கை எடுக்குமாறு பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. எனவே வாய்மொழி விசாரிப்பே இன்றும் நம்பகமான வழி. நம் ஆடிட்டரிடமும் அதே தொழிலில் இருப்பவர்களிடமும் விசாரிக்கலாம். வேறு துறையில் நம்பிக்கையான ஒரு வக்கீலைத் தெரிந்திருந்தால் அவரிடமும் கேட்கலாம். சொத்து வழக்கிலோ கிரிமினல் வழக்கிலோ பெயரெடுத்தவர் வணிக வழக்குக்கும் பொருந்துவார் என்று சொல்ல முடியாது. கணக்குப் புத்தகமும் ஜிஎஸ்டி ரிட்டர்னும் பார்த்துப் பழகியவரா, வணிக நீதிமன்றத்தில் இதற்குமுன் வழக்கு நடத்தியிருக்கிறாரா என்று நேராகக் கேட்பதில் தவறில்லை.

வேறொரு கேள்வியை நாம் கேட்காமலே அவர் தெளிவுபடுத்த வேண்டும். எதிர்தரப்போடு அவருக்கு ஏதேனும் தொடர்பு உண்டா, இந்தத் தகராறில் அவருக்கு ஏதேனும் அக்கறை உண்டா என்பதை முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்பது பார் கவுன்சில் விதி. ஒரே ஊரில், ஒரே சங்கத்தில் தொழில் செய்பவர்களுக்கிடையே இது அடிக்கடி எழும் சிக்கல்.

யார் என்ன வேலை செய்வார் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். சீனியர் என்று பட்டம் பெற்ற மூத்த வழக்கறிஞர் வக்காலத்து தாக்கல் செய்ய முடியாது. கட்சிக்காரரிடம் நேரடியாக வழக்கை எடுக்கவும் முடியாது. வக்காலத்தில் பெயர் இருக்கும் வழக்கறிஞர் மூலமாகவே அவர் வருவார். வரைவு எழுதுவதும் கோப்பைக் கவனிப்பதும் வாய்தாவுக்கு ஓடுவதும் பெரும்பாலும் ஜூனியர்களின் வேலை. அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் நம் வழக்கைத் தினமும் பார்க்கப்போகிறவர் யார், முக்கியமான விசாரணையில் நிற்பவர் யார் என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதல் சந்திப்பில் மேசைக்கு வருபவை

ஒரு நூற்பாலை, ஒரு துணி உற்பத்தியாளருக்கு நூல் அனுப்பியது. 40 லட்சம் ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். ஆலை முதலாளி வக்கீலிடம் பில்லை மட்டும் கொண்டுபோனால் போதாது. ஆர்டர் வந்த மின்னஞ்சல், இ-வே பில், லாரி ரசீது, டெலிவரி சலானில் வாங்கியவரின் கையெழுத்து, லெட்ஜர், ஜிஎஸ்டி பதிவு, ஆண்டு முடிவில் அனுப்பிய இருப்பு உறுதிக் கடிதம் என்று எல்லாம் வேண்டும். வாட்ஸ்அப் உரையாடலும் வேண்டும்.

அந்த உரையாடலைக் கொஞ்சம் அருகிலிருந்து பார்க்கலாம். வாங்கியவர் எழுதியிருக்கிறார்: “மார்ச் முடியட்டும் அண்ணே, செட்டில் பண்ணிடுறேன்.” கடன் இருப்பதை அவரே ஒப்புக்கொண்ட சொல் இது. ஆனால் அதற்கு மூன்று நாள் முன்பு ஆலையின் விற்பனை மேலாளர் எழுதியிருக்கிறார்: “அந்த லாட்ல கொஞ்சம் நூல் சரியில்லதான், அடுத்த லோடுல பாத்துக்கலாம்.” எதிர்தரப்பு வக்கீல் தம் பதிலுரையைக் கட்டி எழுப்பப்போவது இந்த ஒரு வரியின் மேல்தான். இதைக் கட்சிக்காரர் மறைத்துவிட்டு வழக்குப் போட்டால், குறுக்கு விசாரணையில் அது வெளியே வரும்போது வக்கீலால் ஒன்றும் செய்ய முடியாது. முன்பே தெரிந்திருந்தால் எந்த லாட், எத்தனை கிலோ, அதற்குக் கழிவு கொடுத்தாகிவிட்டதா என்று விளக்கி, மீதிப் பணத்தைப் பாதிக்காமல் வழக்கை அமைத்திருப்பார்.

இது சாமர்த்தியத்துக்காக மட்டும் சொல்லப்படுவதல்ல. வணிக வழக்கில் தம் வசமுள்ள, வழக்குக்குத் தொடர்புடைய எல்லா ஆவணங்களையும், பாதகமானவை உட்பட, தாக்கல் செய்துவிட்டதாக வாதி உறுதிமொழி தர வேண்டும். விடுபட்டதைப் பின்னால் கொண்டுவர நீதிமன்ற அனுமதி வேண்டும். அதற்குத் தகுந்த காரணமும் காட்ட வேண்டும். வாட்ஸ்அப், மின்னஞ்சல் போன்ற மின்னணுச் சான்றுகளுக்குத் தனிச் சான்றிதழ் தேவை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய சாக்‌ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, சான்றிதழை இரண்டு பகுதிகளாகக் கேட்கிறது. ஒன்றில் தரப்பினர் கையெழுத்திட வேண்டும், மற்றொன்றில் நிபுணர். கோப்பு திருத்தப்படவில்லை என்று காட்டும் ஹாஷ் மதிப்பும் அதில் இடம்பெற வேண்டும். ஆகவே தகராறு முளைத்தவுடன் பழைய போனை மாற்றுவதும் உரையாடலை அழிப்பதும் சொந்த வழக்குக்கே குழி பறிப்பதாகும்.

வக்கீலிடம் பாதகமான உண்மையைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை. தொழில்முறையில் அவரிடம் சொன்னதைக் கட்சிக்காரரின் சம்மதமின்றி அவர் வெளியிடக் கூடாது என்று அதே சாட்சியச் சட்டத்தின் 132-ஆவது பிரிவு சொல்கிறது. சட்டவிரோதக் காரியத்துக்காக நடந்த பேச்சுக்கு அந்தக் காப்பு இல்லை. கம்பெனியில் சம்பளத்துக்கு இருக்கும் சட்ட அலுவலருக்கு இந்தப் பிரிவின் காப்பு கிடையாது என்று 2025 அக்டோபர் 31-ல் உச்ச நீதிமன்றம் தெளிவுபடுத்தியது. எதை யாரிடம் எழுத்தில் சொல்கிறோம் என்பதில் கம்பெனிகள் கவனமாக இருக்க வேண்டும் என்பது இதன் பொருள்.

நல்ல வக்கீல் முதல் நாளே இன்னும் சிலவற்றைக் கேட்பார். ஒப்பந்தத்திலோ பில்லின் பின்புறத்திலோ நடுவர் தீர்ப்பாய ஷரத்து இருக்கிறதா? இருந்தால் எதிர்தரப்பு முதல் வாய்ப்பிலேயே அதைக் காட்டி வழக்கை நீதிமன்றத்திலிருந்து நகர்த்திவிடும். கூட்டு நிறுவனம் என்றால் பதிவு செய்யப்பட்டதா? பதிவில்லாத கூட்டு நிறுவனம் ஒப்பந்த உரிமைக்காக வெளியாள் மீது வழக்குத் தொடர முடியாது என்கிறது 1932-ஆம் ஆண்டுக் கூட்டாண்மைச் சட்டத்தின் 69-ஆவது பிரிவு. கடைசியாகப் பணம் வந்த தேதி எது? பொருள் விற்ற பாக்கிக்குக் காலவரம்பு பொதுவாக மூன்று ஆண்டுகள். கெடு முடிவதற்குள் பகுதிப் பணம் வந்திருந்தாலோ, கடனை எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தாலோ அது புதிதாகத் தொடங்கும். இந்தத் தேதிகளைக் கேட்காமல் நேரே வக்கீல் நோட்டீஸ் எழுத உட்காருபவரைப் பற்றி யோசிக்க வேண்டும்.

எந்த வழியில் போவது

பாக்கி வசூலுக்கு வழக்கு ஒன்றுதான் வழி என்றில்லை. வழிகளைப் பிரித்துக் காட்டி, ஒவ்வொன்றின் செலவையும் காலத்தையும் சொல்வது வக்கீலின் வேலை. காசோலை திரும்பியிருந்தால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆவது பிரிவு உண்டு. ஆனால் அதன் கெடுக்கள் கடுமையானவை: வங்கி தகவல் தந்த 30 நாட்களுக்குள் நோட்டீஸ், அது கிடைத்தபின் பணம் கட்ட 15 நாட்கள், அதற்குப்பின் ஒரு மாதத்துக்குள் புகார். விற்றவர் குறு அல்லது சிறு நிறுவனமாகப் பதிவு பெற்றிருந்தால் 2006-ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ சட்டம் கைகொடுக்கும். வாங்கியவர் அதிகபட்சம் 45 நாட்களுக்குள் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு, மாதாந்திரக் கூட்டு வட்டியுடன் கேட்கலாம். பாக்கி 1 கோடியைத் தொட்டால் திவால் சட்டத்தின் கீழ் தீர்ப்பாயம் போகலாம். ஆனால் சரக்கின் தரம்பற்றி உண்மையான தகராறு முன்பே இருந்தால் அந்த மனு நிற்காது. பாக்கி அந்த அளவுக்கு இருந்தாலும், மேலே பார்த்த விற்பனை மேலாளரின் வரி போன்ற ஒன்று அந்த வழியையே அடைத்துவிடக்கூடும்.

வணிக வழக்குதான் என்று முடிவானாலும் உடனே தாக்கல் செய்துவிட முடியாது. அவசர இடைக்கால நிவாரணம் தேவைப்படாத வழக்குகளில், முதலில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சமரச முயற்சி நடந்தாக வேண்டும் என்று வணிக நீதிமன்றங்கள் சட்டத்தின் 12ஏ பிரிவு சொல்கிறது. பட்டீல் ஆட்டோமேஷன் வழக்கில் 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் இது கட்டாயம் என்றது; மீறித் தாக்கலானால் வழக்குரையை நிராகரிக்கலாம். இந்தப் படியைத் தாண்டுவதற்காகவே பொய்யாக ஓர் அவசர மனுவை ஒட்டவைப்பதும் செல்லாது. சமரசத்தில் செலவழியும் காலம் காலவரம்பில் கழிக்கப்படும். எதிர்தரப்பு வராவிட்டால் அப்படியே அறிக்கை பெற்று வழக்குக்குப் போகலாம். வந்து உடன்பாடு ஏற்பட்டால் அது நடுவர் தீர்ப்புக்குச் சமமான பலம் பெறும்.

சமரசம் பேசுவதைக் கௌரவக் குறைச்சலாக நினைக்கும் கட்சிக்காரர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீதிமன்றத்தோடு இணைந்த சமரச மையத்தை இந்தியாவில் முதலில் தொடங்கியது சென்னை உயர் நீதிமன்றம்தான், 2005 ஏப்ரலில். தொடர்ந்து வியாபாரம் செய்ய வேண்டிய இருவருக்குத் தீர்ப்பைவிடத் தவணை ஒப்பந்தம் பயன்படும் சந்தர்ப்பங்கள் நிறைய. அதை எடுத்துச் சொல்லும் வக்கீலைப் பயந்தவர் என்று எண்ணிவிடக் கூடாது.

கட்டணமும் செலவும்

அமெரிக்காவில் சில வகை வழக்குகளில் வக்கீல்கள் வெற்றித் தொகையில் பங்கு பேசிக்கொள்வதுண்டு. இந்தியாவில் அது தொழில் ஒழுக்க மீறல். வழக்கின் முடிவைப் பொறுத்துக் கட்டணம் பேசுவதையும் கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சிலின் 20-ஆவது விதி தடுக்கிறது. 2017-ல் உச்ச நீதிமன்றமும் சதவீதக் கட்டணம் பொதுக் கொள்கைக்கு விரோதமானது என்று சொன்னது. “வந்தால் பத்து சதவீதம் கொடுங்கள், வராவிட்டால் வேண்டாம்” என்ற பேச்சு கட்சிக்காரருக்கு லாபமாகத் தோன்றலாம். விதியைத் தொடக்கத்திலேயே மீறுகிறவரிடம் வழக்கை ஒப்படைக்கிறோம் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நடைமுறையில் கட்டணம் மொத்தமாகவோ கட்டம் கட்டமாகவோ பேசப்படுகிறது. நோட்டீஸ், சமரசம், வரைவும் தாக்கலும், இடைக்கால மனுக்கள், சாட்சி விசாரணை, இறுதி வாதம் என்று பிரித்து எழுதி வாங்குவது இருவருக்கும் நல்லது. சீனியர் கட்டணம், நகல், தட்டச்சு, குமாஸ்தா செலவு, வெளியூர்ப் பயணம் இவை உள்ளேயா வெளியேயா என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். கொடுத்த பணத்துக்கு ரசீதும் கணக்கும் கேட்கலாம். கட்சிக்காரர் பணத்துக்குக் கணக்கு வைப்பது வக்கீலின் கடமை.

இவற்றைத் தவிர நீதிமன்றக் கட்டணம் இருக்கிறது. தமிழ்நாட்டில் முன்பு 7.5 சதவீதமாக இருந்தது 2017-ல் 3 சதவீதமாகக் குறைந்தது. நம் நூற்பாலை 40 லட்சத்துக்கு வழக்குப் போட்டால் 1,20,000 ரூபாய் முதலிலேயே கட்ட வேண்டும். நடுவழியில் சமரசமானால் இந்தப் பணம் திரும்பக் கிடைக்கும். நீதிமன்றம் அனுப்பி வைத்த சமரசத்துக்கு மட்டுமல்ல, இரு தரப்பும் வெளியே தாங்களே பேசி முடித்துக்கொண்டாலும் திருப்பித்தர வேண்டும் என்று 2021-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்ற நிர்வாகமே மேல்முறையீடு செய்த வழக்கு அது.

தோற்றால் எதிர்தரப்பின் செலவையும் ஏற்க வேண்டி வரலாம் என்பதைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் வணிக வழக்குகளுக்கென மாற்றப்பட்ட 35-ஆவது பிரிவின்படி, தோற்றவர் செலவு தருவதே பொது விதி; அதில் வக்கீல் கட்டணமும் சேரும். தரவேண்டாம் என்றால் நீதிபதி காரணம் எழுத வேண்டும். தமிழக அரசின் மதுப்புட்டி ஹாலோகிராம் டெண்டர் தொடர்பான வழக்கில், 2021-ல் உச்ச நீதிமன்றம் வணிகத் தகராறுகளில் உண்மையான செலவைத் தோற்றவர் ஏற்க வேண்டியதன் அவசியத்தை விரிவாகப் பேசியது.

வழக்கு ஓடும்போது

பிரதிவாதியாக இருப்பவருக்கு முதல் எதிரி காலண்டர். சம்மன் கிடைத்த 30 நாட்களுக்குள் எதிருரை தாக்கல் செய்ய வேண்டும். காரணம் காட்டினால், செலவுத்தொகை கட்டி, 120 நாட்கள் வரை நீட்டிக்கலாம். 121-ஆவது நாள் அந்த உரிமை போய்விடும். நீதிபதி நினைத்தாலும் கூட்டித்தர முடியாது. எஸ்சிஜி காண்ட்ராக்ட்ஸ் வழக்கில் 2019-ல் உச்ச நீதிமன்றம் இதை உறுதியாகச் சொன்னது. சம்மனை மேசை டிராயரில் போட்டுவிட்டு, தீபாவளி முடியட்டும் என்று இருப்பவர் பாதி வழக்கை அப்போதே இழந்துவிடுகிறார்.

அதன்பின் நீதிமன்றம் வழக்கு மேலாண்மை அமர்வு நடத்தி, எந்தச் சாட்சி எப்போது, எந்த வாதம் எப்போது என்று அட்டவணை போடும். முதல் அமர்விலிருந்து ஆறு மாதத்துக்குள் வாதம் முடிய வேண்டும், முடிந்த 90 நாட்களில் தீர்ப்பு வர வேண்டும் என்பது சட்டத்தின் கணக்கு. நடைமுறையில் இந்தக் கணக்கு அடிக்கடி தவறுகிறது. எனவே சட்டம் சொல்லும் காலத்தையும் அந்த நீதிமன்றத்தில் உண்மையில் ஆகும் காலத்தையும் தனித்தனியாகச் சொல்லும்படி வக்கீலைக் கேட்க வேண்டும்.

ஒவ்வொரு வாய்தாவுக்கும் முதலாளி நேரில் போக வேண்டியதில்லை. ஆனால் அன்று என்ன நடந்தது, அடுத்த தேதி எது, அதற்குள் நாம் என்ன தர வேண்டும் என்ற மூன்று தகவல்களும் வர வேண்டும். வழக்கு நிலவரத்தை இ-கோர்ட்ஸ் செயலியில் கட்சிக்காரரே பார்க்க முடியும் என்பதால், “நடந்துகிட்டு இருக்கு சார்” என்ற பதிலோடு திருப்தியடையத் தேவையில்லை. சாட்சிக் கூண்டில் ஏறப்போகிறவர் நிறுவனத்தின் கணக்கை உண்மையிலேயே அறிந்தவராக இருக்க வேண்டும். கையெழுத்துப் போடும் இயக்குநர் ஒருவர், விவரம் தெரிந்த கணக்காளர் வேறொருவர் என்றிருந்தால் குறுக்கு விசாரணை தள்ளாடும்.

வழக்கை எப்படி நடத்துவது என்பதில் வக்கீலுக்குச் சுதந்திரம் உண்டு. ஆனால் எதிர்தரப்பின் உரிமையை ஒப்புக்கொள்வது, தொகையைக் குறைத்துக்கொள்வது போன்ற முடிவுகள் கட்சிக்காரருடையவை. கட்சிக்காரரின் தெளிவான அறிவுறுத்தல் இல்லாமல் வக்கீல் அத்தகைய விட்டுக்கொடுப்பைச் செய்யக் கூடாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அச்சடித்த வக்காலத்துப் படிவத்தில் சமரசம் செய்துகொள்ளவும் பணம் பெறவும் அதிகாரம் தரும் வரிகள் இருக்கும். படித்துவிட்டுக் கையெழுத்திடுங்கள், வேண்டாத வரியை அடித்துவிடச் சொல்லலாம்.

தீர்ப்புக்குப் பின்

ஜெயித்த அன்றே பணம் கைக்கு வந்துவிடாது. இந்தியாவில் வழக்காடுபவரின் கஷ்டமே தீர்ப்பாணை பெற்றபின்தான் தொடங்குகிறது என்று லண்டன் பிரிவி கவுன்சில் 1872-லேயே குறிப்பிட்டது. சேலத்தில் 1986-ல் தொடுக்கப்பட்ட ஒரு நில வழக்கின் நிறைவேற்றல் தகராறு 2025 மார்ச்சில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. அந்த வழக்கை ஒட்டி நாடு முழுவதும் கணக்கெடுத்தபோது, 8 லட்சத்துக்கும் மேற்பட்ட நிறைவேற்றல் மனுக்கள் தேங்கிக் கிடப்பது தெரியவந்தது.

அதனால் எதிர்தரப்பிடம் என்ன சொத்து இருக்கிறது, எந்த வங்கியில் கணக்கு, யாரிடமிருந்து அவருக்குப் பணம் வரவேண்டும் என்பதை வழக்குப் போடும் முன்பே விசாரித்து வைக்க வேண்டும். தீர்ப்புக்கு முன்பே சொத்தை முடக்கலாம். ஆனால் வசூலை ஏமாற்றும் நோக்கத்தோடு சொத்தைக் கைமாற்றுகிறார் என்று காட்டினால்தான் நீதிமன்றம் உத்தரவிடும். வசூலிக்க வழியே இல்லாதவர் மீது வழக்குப் போட்டு லட்சத்துக்கு மேல் நீதிமன்றக் கட்டணம் கட்டுவது வியாபார முடிவல்ல. அதைச் சொல்லித் தடுக்கும் வக்கீல் தம் கட்டணத்தை இழந்து நமக்கு நன்மை செய்கிறார்.

உறவு முறிந்தால்

நம்பிக்கை போய்விட்டால் வக்கீலை மாற்றிக்கொள்ளலாம். முந்தைய வக்கீலின் சம்மதத்தோடு, இல்லாவிட்டால் நீதிமன்ற அனுமதியோடு, புதிய வக்காலத்து தாக்கலாகும். கட்டணப் பாக்கியைக் காட்டிக் கோப்பைப் பிடித்து வைத்துக்கொள்ள வக்கீலுக்கு உரிமையில்லை என்று 2000-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பாக்கிக்கு அவர் தனியே சட்டப்படி வழி தேடலாம். போதிய காரணமின்றியும் போதிய அவகாசம் தராமலும் வக்கீல் நடுவில் விலகக் கூடாது; விலகினால் உழைக்காத பகுதிக்கான கட்டணத்தைத் திருப்பித்தர வேண்டும். நடத்தை தவறினால் வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆவது பிரிவின்கீழ் மாநில பார் கவுன்சிலில் புகார் செய்யலாம். கண்டனம் முதல் பெயர் நீக்கம் வரை தண்டனை உண்டு. ஆனால் நுகர்வோர் நீதிமன்றம் போக முடியாது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துக்குள் வராது என்று 2024 மே 14-ல் உச்ச நீதிமன்றம் முடிவு செய்துவிட்டது. பிற்பாடு கேட்டுப் பெறும் வழி இப்படிக் குறுகியிருப்பதாலேயே முன்பாகக் கேட்டு எழுதி வாங்குவதற்கு மதிப்பு அதிகம்.

ஆகவே வக்காலத்தில் கையெழுத்திடும் முன் நான்கு விஷயங்களைக் காகிதத்தில் கேளுங்கள்: வழக்கின் பலமும் பலவீனமும், கட்டம் வாரியான கட்டணம், அடுத்த நான்கு மாதங்களின் தேதிகள், ஜெயித்தால் பணம் எங்கிருந்து வரும் என்ற கணக்கு. பதிலுக்கு உங்கள் பங்காக எல்லா ஆவணங்களையும், உங்களுக்கு எதிரானவற்றையும் சேர்த்து, ஒரே பெட்டியில் கொண்டுபோய்க் கொடுங்கள். அந்தப் பெட்டியைத் திறந்து பார்க்காமல் ஜெயித்துவிடலாம் என்று சொல்பவரிடம் வழக்கைக் கொடுக்காதீர்கள்.